கண்ணை மூடினால் வருகிறவள்

"அதே பொம்பளைதான் சார்," என்றார் பொன்னுராஜ். கண்ணைத் திறந்த பிறகும் அவருக்கு மூச்சு வாங்கியது.

இவரோடு நாலு பேர் ஆயிற்று.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். ராஜபாளையத்தில் ஹுமாயூன் பாயின் ஜவுளிக்கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவசிமுத்து நடத்தும் நினைவாற்றல் வகுப்பு. மில் லீவு நாள் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. புரொமோஷன் பரீட்சை எழுதுகிறவர்கள், டீச்சர்கள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்கள் எல்லோரும் வருவார்கள்.

கண்ணை மூடி மனசுக்குள் ஓர் அறை கட்ட வேண்டும். அந்த அறைக்கு ஒரு துணையாள் வந்து உட்காருவார். மறந்ததையெல்லாம் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதுதான் தவசிமுத்துவின் வித்தை. செத்துப்போன அப்பா வந்தார், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளே வந்தாள் என்று சொன்னவர்கள் உண்டு. ஆளுக்கொருவர் வருவது சகஜம். எல்லோருக்கும் ஒருத்தியே வந்ததில்லை.

"ஆளு எப்படி இருக்கா?" சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டார் தவசிமுத்து.

"அறைக்குள்ள வரமாட்டேங்கா சார். வாசல்லயே குத்த வெச்சு உக்காந்திருக்கா. தரையில கையால என்னத்தையோ ஒதுக்கி ஒதுக்கி வைக்கா. நான் கூப்பிட்டதும் தலையைத் தூக்கிப் பாத்தா. பேச்சு இல்லை."

கிருபாபாய் டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் பார்த்ததும் அதுவேதானாம். தலைமுடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்ததாம்.

வெளியே ஐப்பசி மழை. கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றதும் ஹாலில் இருந்த ஒவ்வொருவர் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.

"வலது புருவத்துல ஒரு வெட்டு சார்," என்றார் டீச்சர். "புருவமே ரெண்டா நிக்குது."

அந்தத் தழும்பு தவசிமுத்துவுக்குத் தெரியும். அவர் எறிந்த செம்பு பட்ட இடம் அது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்தில், பெட்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டாள் அவர் பெண்டாட்டி சண்முகத்தாய். இந்த மந்தபுத்திக்காரியோடு இருந்தால் என் மூளையும் துருப்பிடித்துவிடும் என்று கத்திக்கொண்டே செம்பை வீசினார். அவள் நெற்றியில் ரத்தம் நிற்பதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பியவர்தான். அப்புறம் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை.

உங்களைப் பின்னால் இழுப்பது எதுவோ அதை மனசிலிருந்து துடைத்துவிடுங்கள், நான் துடைத்தேன், முன்னுக்கு வந்தேன் என்று முதல் வகுப்பிலேயே பெருமையாகச் சொல்வார். துடைத்தது யாரை என்று மட்டும் சொன்னதில்லை.

இப்போது வந்திருக்கிறாள், நனைந்த தலையோடு. பிளவக்கல் அணையில் போய் விழுந்துவிட்டாளா? உயிரோடு இருக்கிறவள் எப்படி அடுத்தவர் மனசுக்குள் வந்து உட்காருவாள்?

"நீங்களும் கண்ணை மூடிப் பாருங்க சார். உங்ககிட்டயாவது ஏதும் சொல்லுதாளான்னு பாப்போம்," என்றார் பொன்னுராஜ்.

ஊருக்கெல்லாம் கண்ணை மூடச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் கண்ணை மூடத் தைரியம் வரவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து அழுதுவிட்டார். சாவி, செம்பு, ரத்தம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவ மட்டும் உசுரோட இருந்தா, இந்த நிமிசமே கால்ல விழுந்து கூட்டிட்டு வந்து வெச்சுக்குவேன்," என்று வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். அதில் நடிப்பில்லை. கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கும் கண் கலங்கியது. தப்பை ஒத்துக்கொள்கிற மனுசன் என்று பொன்னுராஜுக்கு மரியாதை கூடிப்போனது.

இன்றைக்கே மகாராஜபுரம் போய் விசாரித்துவிடுவது என்று எழுந்தார். வழக்கமாகப் பின்பக்கப் படியில் ஏறி இறங்குகிறவர், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் முன்படியில் இறங்கினார். பாதியிலேயே கால் நின்றுவிட்டது.

கீழே, மாடிக் குழாயில் வழிகிற தண்ணீர் தலையில் தெறிக்க, குத்த வைத்து உட்கார்ந்து, மேலே போனவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள் சண்முகத்தாய்.

வகுப்புக்கு வருகிற அத்தனை பேரும் அவள் முகத்தைத் தாண்டித்தான் படியேறியிருக்கிறார்கள். செருப்புக்குக் காவல் இருக்கிறவளை யார் கவனிக்கிறார்கள்? கண்ணை மூடியதும் கடைசியாகப் பார்த்த முகம் வந்து நின்றிருக்கிறது. அது யார் முகம் என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கவனத்தைக் கூர்தீட்ட வந்தவர்களின் லட்சணம் இது.

அவள் நிமிரவில்லை. தவசிமுத்து சத்தமில்லாமல் திரும்பி மேலேறி, பின்படி வழியாகக் கடைக்குள் வந்தார்.

செருப்பு காணாமல் போகிறது என்று எல்லோரும் சொன்னதால் ஆள் போட்டதாகச் சொன்னார் ஹுமாயூன் பாய். வத்திராயிருப்புப் பக்கத்துப் பொம்பளையாம். வேலை கேட்டு வந்து ரெண்டு மூணு வாரம்தான் ஆகிறதாம்.

"மேல கிளாஸ் எடுக்கது யாருன்னு அவளுக்குத் தெரியுமா?"

"போர்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. உங்க பேரை வாசிச்சேன். 'அவிய நல்லாருக்காகளா பாய்?'னுச்சு. அம்புட்டுதான் சார்."

தவசிமுத்து நீளமாக மூச்சு விட்டார். அவள் சாகவில்லை. ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். குரல் பழையபடி வகுப்பெடுக்கிற குரலாகிவிட்டது.

"அடுத்த வாரம் செருப்புக்கு வேற ஆளைப் போடுங்க பாய். படிக்க வாரவங்களுக்குக் கவனம் செதறுது."