நரம்புலகச் சக்கரவர்த்தியின் ஏற்புரை

டாக்டரின் தோளில் ஏழாவது சால்வை விழுந்தது.

மடியில் வெள்ளி முலாம் பூசிய மூளை. கொஞ்சம் பெரிய அக்ரூட் பருப்பு மாதிரி இருந்தது. கீழே பட்டம் பொறித்திருந்தார்கள்: நரம்புலகச் சக்கரவர்த்தி.

பத்து மணி விழா. இப்போது ஒன்றரை. மண்டபத்தின் பின்பக்கம் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

பேசியவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் பேசினார்கள். நோயாளி கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள் சார் நோயைச் சொல்லிவிடுவார். பத்தடி நடை போதும் என்றார் முதலில் பேசியவர். கடைசியாகப் பேசியவர் அதை இரண்டடி ஆக்கியிருந்தார்.

அவர் திருத்தவில்லை.

கண்ணாடியைக் கழற்றிச் சால்வை முனையில் துடைத்தார்.

“அடுத்து, அம்மா மேடைக்கு வரணும்! சாருக்குப் பின்னாடி இருக்கிற சக்தி!”

அறிவிப்பு அவர் காதில் விழவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே மங்கலாக ஓர் உருவம் வந்தது.

பழக்கதோஷம். நடையைப் பார்த்தார்.

குட்டைக் குட்டையான அடிகள். வலது கை வீசுகிறது. இடது கை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது.

பார்க்கின்சன். வந்து ஒரு வருடமாவது ஆகியிருக்கும். பாவம், இந்தம்மா வீட்டில் ஒருத்தருக்கும் கண் இல்லையா?

கண்ணாடியை மாட்டினார்.

மரகதம்.

முப்பத்தெட்டு வருடமாக அவருக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறாள். அவர் வேகம் அப்படி. அவள் எதிரே நடந்து வந்து அவர் பார்த்ததேயில்லை.

படியேறியவளின் இடது கையைப் பிடித்தார். மணிக்கட்டை மெல்ல மடக்கினார். பல்சக்கரம் போல விட்டுவிட்டு மடங்கியது.

இன்னொரு முறை. பார்க்கின்சனேதான்.

மண்டபம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். “அப்படியே இருங்க சார்!” என்றார் போட்டோகிராபர்.

அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே முணுமுணுத்தாள்.

“தெரியும்ங்க. ஏழு மாசமா மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். உங்க புகழ்ச்சி முடியல, பன்னெண்டு மணி மாத்திரை தப்பிடுச்சு.”

“யார்கிட்ட காட்டுன?”

“உங்க ஸ்டூடன்ட் ஜெனிட்டாகிட்ட.”

முதல் வரிசையில் டாக்டர் ஜெனிட்டா அழைப்பிதழை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட சொல்லக் கூடாதா?”

“வீட்ல ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், உங்களுக்கு போன் வந்துருச்சு. யார்னு சொல்லாம உங்க கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் கேட்டேன். மூணு மாசம் ஆகும்னுச்சு அந்தப் பொண்ணு.”

போட்டோகிராபர் படம் எடுத்து முடித்தார்.

“விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க.”

ஏற்புரைக்கு அழைத்தார்கள். மைக் மேடையின் அந்த ஓரத்தில் இருந்தது.

அவள் கையை விடாமலே, “இங்க கொண்டாங்க” என்றார்.