பதினோராவது பிரதி

“மொத்தமே இருபத்தஞ்சு காப்பிதாம்மா. இது பதினோராவது. வேற எங்கயும் கெடைக்காது” என்றான் சிவசங்கர்.

சட்டமிட்ட படத்தில், கம்பெனிச் சீருடை அணிந்த ஓர் இளைஞன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். ‘சுண்ணாம்பு’ என்ற புனைபெயரில் தெருச் சுவர்களில் வரைகிற ஓவியர், தன் ஓவியங்களைக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு, எண் போட்டுக் கையெழுத்திட்டு விற்பார்.

ஒரகடம் கார் கம்பெனியில் வேலை இருந்த காலத்தில் சிவசங்கர் அவருடைய பிரதிகளை ஆசை ஆசையாகச் சேர்த்திருந்தான். கன்டெய்னர் லாரி இடித்து மனைவி சசிரேகா ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து ஒவ்வொன்றாக விலைபோய், இது ஒன்றுதான் மிச்சம். நாளைக் காலை அவளுக்கு ஆபரேஷன். இதையும் ஓவிய வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள்.

செல்போனில் விளம்பரம் பார்த்து வந்திருந்த சொர்ணம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. மடியில் ஒரு துணி முடிச்சு. வந்ததிலிருந்து பிரதி எண்ணையோ கையெழுத்தையோ அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

யாரோ பெரிய வியாபாரி அனுப்பிய ஆள் என்று சிவசங்கர் முடிவுகட்டினான். விலையை அடித்துப் பேச இப்படி ஆளனுப்புவது அந்தத் தொழிலில் உண்டு.

“நேர்ல ஆளைப் பாத்து வரைஞ்சதா தம்பி?”

“ஆமாம்மா. அவரு எப்பவும் நேர்ல பாத்துதான் வரைவாரு.” அது உண்மை.

“எப்ப வரைஞ்சது?”

அவன் அதை வாங்கியே ஆறு வருடம் ஆகிறது. “கொஞ்சம் பழசு...” என்று ஆரம்பித்தான். அவள் முகம் சட்டென்று விழுந்தது. துணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சிவசங்கர் அவசரமாகக் குறுக்கே வந்தான். “பேப்பர்தாம்மா பழசு! படம் புச்சு. போன மாசம்தான் மண்ணூர் பஸ் ஸ்டாப்ல வரைஞ்சாரு.”

“நெசமாவா?”

“ஆஸ்பத்திரில கீற எம் பொண்டாட்டி மேல சத்தியம்மா!”



அவள் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பண முடிச்சை அப்படியே அவன் கையில் வைத்தாள். வாசல்பக்கம் ஓடிப்போய் மச்சானுக்குப் போன் போட்டான். “பணம் ரெடிடா தமிழ்வாணா. டாக்டராண்ட சொல்லிடு.”

திரும்பி வந்தபோது அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் கிடத்தி, கண்ணாடிமேல் முகம் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

அவள் நிமிர்ந்தாள். கண்ணீரோடு சிரித்தாள்.

“காணாமப் போயி ரெண்டு வருசம் ஆச்சு, செத்துட்டான்னே எல்லாரும் சொன்னாவ... எம்புள்ள உசுரோட இருக்காம்லா தம்பி!”