மங்கிய முன்விளக்கு

"இதை வச்சுக்கிட்டா ஓட்டுற? கண்ணாடி, கஞ்சி ஊத்துன மாதிரி மங்கிக் கிடக்கு!"

சொவெட்டோ வட்டாரத்தில் எல்லாரும் குஷேஷே என்று கொஞ்சும் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்விளக்கைத் தட்டினார் மெக்கானிக் மொலேஃபி. கார்க்காரன் க்வாஸி தலைகுனிந்து நின்றான்.

உடன் வந்த நொம்புசோதான் பேசினாள். "கழட்டிப் போடுங்க தம்பி. இருக்கறதுலயே நல்ல வெளிச்சமா மாட்டுங்க."

"சக்கரம் மட்டும் பளபளன்னு புதுசு! மைதானத்துல காரைச் சுழட்டி வட்டமடிச்சுக் கைதட்டு வாங்கத்தானே? அம்மா வந்து சொன்னாத்தான் புத்தி வருமாடா?"

மொலேஃபி நொம்புசோ பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பயம்னா வித்துடுங்களேன்மா."

"வாங்கறவனும் இதே விளக்கோடதானே ஓட்டுவான்?"

மாட்டி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மொலேஃபி சிரித்தார். "பிள்ளைன்னா உங்களுக்கு உசிரு போல!"

"இவன் என் பிள்ளை இல்ல தம்பி. போன மாசம் இதே பொழுதுல என் பிள்ளை ரோட்டைக் கடந்தான். இவன் கண்ணுக்குத் தெரியல. வழக்கப்படி ஈடா மாடு தர்றோம்னு இவன் வீட்டுப் பெரியவங்க வந்தாங்க. மாடு வேணாம், விளக்கை மாத்தச் சொல்லுங்கன்னேன்."

மொலேஃபி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நொம்புசோ காருக்கு முன்னால் நடந்து, தெருக்கோடியில் போய் நின்றாள்.

"விளக்கைப் போடு க்வாஸி. இப்பத் தெரியறேனா?"