அடியில் ஓடிய விசிறி

மடிக்கணினிக்கு அடியில் வைக்கும் மூன்றாவது கூலிங் பேடையும் ஸிபான் தள்ளி வைத்தான்.

"இதுவும் சத்தம் நானா. பஸ் எஞ்சின் மாதிரி இரையிது."

கம்பளைப் புகையிரத நிலைய வீதியில் கணினிச் சாமான் கடை வைத்திருக்கும் ஹபீல் நானா, சலிப்பின்றி அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

"லெப்டொப்பக் குளிராக்கத்தானே தம்பி கேக்கிற? சத்தம் ஈந்தா என்ன? தாலாட்டா பாடச் செல்ற?"

ஸிபான் சிரிக்கவில்லை. அவன் கண் சுவர் மணிக்கூட்டிலேயே இருந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு, அவனுடைய பழைய மடிக்கணினியை வாங்க ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். பழையது விற்றால்தான் புதியது வாங்கலாம். புதியது கையில் இருந்தால்தான் பிலிமத்தலாவையில் கிடைத்திருக்கும் வேலைக்குத் திங்கட்கிழமை போகலாம்.

பழையதோ, சற்று நேரம் ஓடினாலே கொதித்துத் தானாக அணைந்துவிடும். போதாக்குறைக்கு அதன் இடப்பக்க யூஎஸ்பி துளைகள் இரண்டும் செத்துவிட்டன. வலப்பக்கம் ஒன்றுதான் மிச்சம்.

ஆகவேதான் அவனுக்கு விசிறியும் வேண்டியிருந்தது, விசிறியோடு சேர்ந்த யூஎஸ்பி துளைகளும் வேண்டியிருந்தன. பேடின் வயரை அந்த ஒற்றைத் துளையில் செருகிவிட்டால், வருகிறவள் மற்றதையெல்லாம் பேடிலேயே செருகிப் பார்ப்பாள். செத்த துளைகளை யார் தேடப்போகிறார்கள்?

ஹபீல் புதிய பேடை வைப்பதற்குள், அவன் கடைக்குக் கொண்டுவந்திருந்த மடிக்கணினி பட்டென்று அணைந்தது. அவர் அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

"நெருப்பாட்டம் கொதிக்கிதே! உள்ளுக்குத் தூசி அடச்சிருக்கும். வெச்சிட்டுப் போங்க, நாளைக்கிக் கழட்டிப் பாப்பம். விக்கிறதுக்கா?"

"சே, இல்ல நானா. எனக்குத்தான்."

சொல்லியபடியே மடிக்கணினியின் இடப்பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்துத் திருப்பிக்கொண்டான்.

நான்காவது பேட் சத்தமின்றி ஓடியது. மௌஸைச் செருகினான், அசைந்தது. பென் டிரைவைச் செருகினான், திறந்தது. ஒரு வீடியோவை ஓடவிட்டு, அடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தான். சூடு அடங்கியிருந்தது.

"இதில ஐபு ஏதும் ஈந்தா மறைக்காமச் செல்லுங்க நானா. குறைய மறச்சி விக்கிறது பாவம்."

"ஏன் மறைக்க? செல்லாம வித்த சாமான்ல அல்லாட பரக்கத் ஈக்கிமா? விசிறிய முழு வேகத்தில போட்டா இது பெரிய ஹார்ட் டிஸ்க்க இழுக்காது. பென் டிரைவ், மௌஸ் எண்டாப் பரவாயில்ல."

"பாத்தீங்களா! நான் கேக்காட்டி செல்லியிருப்பீங்களா? இப்பிடித்தான் கடக்காரங்க ஆக்கள ஏமாத்துற!"

"பெட்டிய ஒட்ட முந்திச் செல்லியிருப்பன் தம்பி" என்று ஹபீல் சிரித்தார்.

அடுத்தவன் தராசை உற்றுப் பார்ப்பதில்தான் மனிதனுக்கு எத்தனை கூர்மை! தன் தட்டின் அடியில் தானே ஒட்டிவைத்த புளியுருண்டை மட்டும் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீட்டு மேசையில், பேடின் மேல் மடிக்கணினி கொலுவீற்றிருந்தது. வாங்க வந்த றேணுகா, வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆயத்தமாகிக்கொண்டிருப்பவள். நிதானமாக அமர்ந்து வீடியோ பார்த்தாள். பென் டிரைவைப் பேடில் செருகினாள், கழற்றினாள். ஸிபானால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. யன்னலடிக்குப் போனான், திரும்பி வந்து விசிறிக் காற்றில் கையை நீட்டினான், மறுபடி யன்னலடிக்குப் போனான்.

"நல்லா ஓடுதுண்ணே" என்றாள் அவள். "சூடேறி நின்னுபோகும்னு கேள்விப்பட்டேன். அதான் உக்காந்து பாத்தேன்."

ஸிபான் யன்னலடியிலிருந்து சட்டென்று திரும்பினான். "ஆரு... ஆரு செல்லின?"

"ஹபீல் நானாதான். வர்ற வழியில அவருகிட்ட விசாரிச்சேன். பழைய சாமான் வாங்குறவங்க அவரைக் கேக்காம வாங்குவாங்களா?"

"வேற... என்ன செல்லின?"

"உங்களப் பத்திப் பெருமையாத்தாண்ணே சொன்னாரு. 'வாங்குறவங்க சங்கடப்படக் கூடாதுன்னு கடையில உள்ள பேடையெல்லாம் போட்டுப் பாத்து, நல்லதாப் பொறுக்கிக்கிட்டுப் போச்சு அந்தத் தம்பி. நான் கேட்டதுக்குத் தனக்குத்தான்னு சொல்லிச்சு. செய்ற நன்மைய வெளியில சொல்லிக்காத பிள்ள. குறை இருந்தா அதுவே சொல்லும், பயப்படாமப் போங்க'ன்னாரு."

விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸிபானுக்கு வியர்த்துக் கொட்டியது.

பொய்யன் என்று அவர் தூற்றியிருந்தால், இவனும் எதிர்த்து வாதாடியிருப்பான். நாக்குக்கு அது பழகிய வேலை. நல்லவன் என்று நம்பிவிட்டாரே! அந்த நம்பிக்கையை எதிர்த்து எந்த நாக்கு வாதாடும்?

றேணுகா கைப்பையைத் திறந்தாள்.

"கொஞ்சம் இருங்க தங்கச்சி" என்றான் ஸிபான். பேடின் வயரைப் பிடுங்கி, அதை அப்பால் எடுத்து வைத்தான். விசிறி நின்றது. வெறும் மேசையில் கிடந்த மடிக்கணினியை, அதன் இடப்பக்கம் அவளுக்குத் தெரியும்படி மெல்லத் திருப்பினான்.

"ஹபீல் நானாக்கும் தெரியாத ஐபு இன்னம் ஒண்டு ஈக்கி."