மூன்று உருண்டைகள்

“சாமி, எங்க அண்ணனுக்குக் கறுப்பு உருண்டை போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

போன வருஷம் லிசாந்திரோவைக் குழியில் இறக்கியபோது அவனுடைய சின்னத் தங்கை கேட்ட கேள்வி அது. பாதிரியார் தோரிபியோ குழியில் ஒரு பிடி மண்ணைப் போட்டார். அவருக்குத் தெரியும். கொப்பியாப்போ ஊருக்கே தெரியும்.

பள்ளியின் கணிதத் தேர்வுக்கு நடுவர்கள் மூன்று பேர். மாணவன் கரும்பலகையில் கணக்கை முடித்ததும், ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குப் போய், தட்டில் கலந்து கிடக்கும் மர உருண்டைகளில் ஒன்றைப் பெட்டியில் போட வேண்டும். சிவப்பு என்றால் சிறப்பு. வெள்ளை என்றால் சுமார். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் தோல்வி. யார் எதைப் போட்டார் என்று யாரும் கேட்கக் கூடாது.

லிசாந்திரோவுக்குப் பாதிரியார் போட்டது சிவப்பு. தலைமையாசிரியரோ ஞானஸ்நானத்தில் அவனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்ற ஞானத்தந்தை. மிச்சம் இருந்தவர் ஜெர்மன்காரர் ரூலாண்ட் ஒருவர்தான். தோற்ற பையன் வெள்ளிச் சுரங்கத்துக்குக் கூலியாகப் போனான். மாதம் முடிவதற்குள் பாறை சரிந்துவிட்டது.

இன்று தொமித்திலாவின் தேர்வு. அவளுடைய தாய் ரொசெந்தா சுரங்க வாசலில் கல் பொறுக்குகிறவள். இருமினால் ரத்தம் வந்தது.

“தேறிட்டா பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை இருக்கு, சாமி. இல்லேன்னா நாளைக்கே என் இடத்துல உட்கார்ந்து கல்லு பொறுக்கணும். அந்தக் கல்நெஞ்சுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

பாதிரியார் போனார். அரசாங்க ஒப்பந்தத்தில் இளைஞராக வந்து, பாதி ஆயுளை இந்தப் பாலைவனத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே கழித்தவர் ரூலாண்ட். மனைவியையும் இங்கேதான் புதைத்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நாளைக்குக் கப்பல்.

“புரொபசர், இந்தப் பொண்ணையாவது விட்டுடுங்க.”

கிழவரின் தாடி துடித்தது. “நான் விடணுமா? நல்லா இருக்கே கதை! நான் உங்க கத்தோலிக்கம் இல்லாத லூத்தர் சபைக்காரன்னு என் பிள்ளைங்களை வருஷா வருஷம் காவு வாங்குறது யாரு?”

“நானா?”

“பின்னே? ஞானத்தந்தையே கறுப்பு போட்டிருப்பாரா? லிசாந்திரோ செத்த அன்னைக்கு எனக்குத் தண்ணிகூட இறங்கலை. நீங்க பூசை வச்சீங்க, ஃபாதர்! எப்படித்தான் கை வந்துச்சோ!”

என்ன நடிப்பு! பாதிரியார் தேர்வு அறைக்கு நடந்தார்.

தொமித்திலா எங்கேயும் திணறவில்லை. “இதை இன்னொரு வழியிலயும் போடலாம், ஐயா,” என்று அதையும் எழுதிக் காட்டினாள்.

“எனக்கே தோணலையே, திருடி!” என்று ரூலாண்ட் சிரித்தார். லிசாந்திரோவைப் பார்த்தும் அவர் இப்படித்தான் சிரித்திருந்தார். ரொசெந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

தலைமையாசிரியர் முதலில் போய் வந்தார். அடுத்துப் போன ரூலாண்ட் கதவைச் சாத்த மறந்துவிட்டார். முறைக்காக வெளியே நின்ற பாதிரியார், பார்க்கக் கூடாததைப் பார்த்தார். கிழவர் முணுமுணுத்ததையும் கேட்டார்.

“போங்க, ஃபாதர். கடவுளுக்குப் பயந்து போடுங்க,” என்றபடி கிழவர் வெளியே வந்தார்.

பாதிரியார் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்.

சற்றுப் பொறுத்துத் தலைமையாசிரியர் பெட்டியைக் கவிழ்த்தார். “மூணும் சிவப்பு!”

ரொசெந்தா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரூலாண்ட் பாதிரியாரின் கைகளைப் பற்றினார். “இந்த வருஷமாவது உங்க மனசு இரங்கிச்சே! லிசாந்திரோவுக்கும் இரங்கியிருக்கக் கூடாதா?”

பாதிரியார் தலை குனிந்தார். “தப்புதான், புரொபசர். என்னை மன்னிச்சிடுங்க.”

“மன்னிச்சேன்,” என்றார் கிழவர். மறுநாள் மனபாரம் இல்லாமல் கப்பலேறினார்.

அவரை இத்தனை நாள் மனதுக்குள் சபித்த கடனை அடைத்தாயிற்று. யாருமில்லாத சமையலறையில் பாதிரியார் அங்கிப் பையிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து அடுப்பில் போட்டார். ‘உனக்குச் சிவப்புதான் மகளே’ என்று முணுமுணுத்தபடி, சிவப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கிழவரின் கண்கள் ஆசை ஆசையாய்த் தேடி எடுத்துப் போட்ட உருண்டை அது.