மூடியைத் திறக்காதீங்க!

பக்கத்து வீட்டுக் கொல்லையில் காலையிலிருந்தே புகை வந்துகொண்டிருந்தது. பூதம் மாடி ஜன்னலை விட்டு நகரவில்லை.

பூதம் என்பது தெரு வைத்த பெயர். நகைக்கடையை மூடிவிட்டு, மிச்சமிருந்த தங்கத்தையெல்லாம் வீட்டு பீரோவில் அடைத்துக் காவல் காக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவரும் மனைவியும் சேர்ந்து வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது. ஒருவர் காய்கறி வாங்கப் போனால் இன்னொருவர் பீரோவுக்குத் துணை.

"ராத்திரி அந்த வீட்ல சண்டை கேட்டியா?" என்றார் மனைவியிடம்.

"கேக்காம என்ன? 'உன்னை ஒழிச்சுக்கட்டினாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு அந்தத் தாடிக்காரன் கத்தினான். அப்புறம் தொம்முனு ஒரு சத்தம்."

"அதுக்கப்புறம் அவன் பொண்டாட்டியைப் பாத்தியா?"

"இல்லையே!"

"எப்படிப் பாப்பே? அங்க வெந்துக்கிட்டு இருக்காளே!"

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

எண்ணெய் டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கீல் வைத்து மூடி போட்ட அடுப்பு அது. ஒல்லியான ஆள் என்றால் முடங்கிப் படுக்கலாம். தாடிக்காரரின் மனைவி ஒல்லிதான்.

"போலீஸுக்குச் சொல்லுங்க!"

"சொல்லி? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனைக் கொள்ளைக்காரன்னு பிடிச்சுக் கொடுத்து மானம் போனது போதாதா? ஸ்டேஷனே கைகொட்டிச் சிரிச்சுது. இந்தத் தடவை கையும் களவுமா பிடிக்கிறேன். அந்த இன்ஸ்பெக்டர் எனக்கு சல்யூட் அடிக்கணும்!"

சந்தோஷத்தில் பூதத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "நீ பீரோவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினார்.

தாடிக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க சார், வாங்க! நாங்க குடிவந்ததிலேருந்து இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறீங்க."

"வாசனை ஊரைக் கூட்டுதே. என்ன கறி?"

"ஆ... ஆட்டுத் தொடை."

ஏன் இழுக்கிறான்? பூதம் மெல்ல மூடியின் கைப்பிடியைத் தொட்டார்.

"ஐயையோ, மூடியைத் திறக்காதீங்க!" தாடிக்காரர் பாய்ந்து வந்து தடுத்தார். "சூடு வெளிய போச்சுன்னா காலையிலேருந்து பட்ட பாடெல்லாம் வீண். இது எண்ணெயில போட்டு எடுக்கிற கறி இல்ல சார். தணல்லயும் புகையிலயும் சாயங்காலம் வரைக்கும் பொறுமையா வேகணும். உள்ள சூட்டை அளக்கிற கம்பி ஒண்ணு சொருகியிருக்கேன். வெந்ததும் போனுக்குச் சேதி வரும். அப்பதான் திறக்கணும்."

கறி சேதி அனுப்புமாம்! யாருக்குக் காது குத்துகிறான்?

"வீட்ல அவங்க இல்லையா?"

"அவளா? இங்கதான் சார், பக்கத்துலதான் இருக்கா." ஊறவைத்திருந்த மரச்சில்லுகளை அள்ளித் தணலில் போட்டார் தாடிக்காரர். புகை குப்பென்று கிளம்பியது.

பக்கத்தில்! பூதம் அடுப்பைவிட்டு ஓரடி பின்வாங்கினார். பார்வையை அங்குமிங்கும் ஓட்டினார். மதில் ஓரத்தில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. செருப்பு இங்கே கிடக்கிறது, ஆள் எங்கே? வெறுங்காலோடு எந்தப் பெண் வெளியே போவாள்?

வேப்பம்பழம் பொறுக்குகிறவர் போலக் குனிந்துகொண்டு மனைவிக்குப் போன் போட்டார். "செருப்பு கிடைச்சிருச்சு! உடனே கிளம்பி வா. நான் ஒருத்தன் சொன்னா இன்ஸ்பெக்டர் திரும்பவும் சிரிப்பான். மூடியைத் திறக்கும்போது ரெண்டு சாட்சி வேணும்."

"பீரோ?"

"அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு? வா!"

மனைவி வந்தாள். இருவரும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தாடிக்காரர் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். அவர்கள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "இப்பதான் கறிக்கு வேர்த்திருக்கும். சூடு ஏறாம அப்படியே நிக்கும். அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்" என்று அடக்கினார். வேர்க்கிறதாமே! பூதத்தின் மனைவி ஜூஸை அப்படியே கீழே வைத்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு, ஒருவழியாகத் தாடிக்காரரின் போன் சிணுங்கியது. பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சுது சார்! இனி தாராளமா திறக்கலாம்."

பூதம் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மூடி உயர்ந்தது. புகை விலகியது.

உள்ளே ஆட்டின் காலைத் தவிர வேறு யாருடைய காலும் இல்லை. கருஞ்சிவப்பாக, நெய் சொட்டச் சொட்ட வெந்திருந்தது. தொட்டதும் எலும்பு தனியாகக் கழன்று வந்தது.

பூதத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சல்யூட் போனாலும் கறி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மூன்றாவது தட்டில் விரலை நக்கியபடி, "என்னமா கைவரிசையைக் காட்டியிருக்கீங்க!" என்றார் மனதார.

"நான் சும்மா புகை போட்டவன் சார். கைவரிசையெல்லாம் என் சம்சாரத்தோடது" என்று அடக்கமாகச் சொன்ன தாடிக்காரர், மிச்சக் கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தங்கள் வீட்டுக்கு வந்தால், கொல்லைக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பூதம் பொட்டலத்தோடு மாடிக்கு ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுப்பு தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. தாடிக்காரரைக் காணோம். மதில் ஓரத்தில் இருந்த செருப்பையும் காணோம்.

கீழேயிருந்து, காலி பீரோவின் முன்னால் நின்று மனைவி அலறினாள்: "ஏங்க, அந்தச் சேதியை அனுப்பினது கறி இல்லீங்க!"