கோப்பு பார்க்க வந்தவர்

"என்ட பேரை மட்டும் எழுதிராதீங்க ஐயா. எழுதின பேரைத் தேடித்தான் ஆயுதம் தூக்கினவங்கள் வீடு வீடா வாறாங்கள்."

பாலசுந்தரி கும்பிட்ட கையை இறக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அழகரத்தினம் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எழுதாம ஒரு பைலும் இஞ்ச கை மாறாது புள்ள. கொமிட்டி போட்ட சட்டம். ஆர் வந்து பார்த்தாங்க எண்டு மாசா மாசம் நான் காட்டோணும்."

அவள் கொண்டுவந்திருந்த அடையாள அட்டைப் பிரதியை அவர் இன்னொருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு தடித்த புத்தகத்தில் ஒரு வரி எழுதி, அதை மேசை லாச்சிக்குள் போட்டுச் சாத்தினார்.

வாவிக்கரையில் ஒரு பழைய நெல் களஞ்சியம்தான் பிரசைகள் குழுவின் ஆவண அறை. அது தொண்ணூற்றொன்று ஆவணி மாதம்; காணாமல் போனவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு கோப்பு இருந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபரான அழகரத்தினம், ஓட்டமாவடியிலிருந்து கதிரவெளி வரை சைக்கிளில் போய், "உங்கட ஆக்கள்ட பைல்தான், ஒளிச்சு வைக்க இல்ல, வந்து பாருங்க" என்று வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டு வருவார். அந்தக் குரலை நம்பித்தான் அவளும் வந்தாள்.

அவர் எடுத்துக் கொடுத்த அவள் புருசனின் கோப்பு மெலிந்திருந்தது. கந்தையா வீரகத்தி, கதிரவெளி, மீன்பிடி. மாசி பதினாலாம் திகதி பாலத்தடியில் பஸ்ஸை மறித்து அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று ஒரு சாட்சி, அதற்குக் கீழே, "மேலதிக தகவல் இல்லை."

"இவ்வளவுதானா ஐயா? மனுசன் இருக்குதா இல்லையா, அது தெரிஞ்சாப் போதும் எனக்கு. மாமி பொட்டை அழி எண்டுறா, அம்மா அழியாத எண்டுறா. நான் புருசன் உள்ளவளா, இல்லாதவளா?"

அழகரத்தினம் வாயைத் திறக்குமுன் கதவு பிளந்துகொண்டு விழுந்தது.

இரண்டு பேர். முன்னால் வந்த கட்டையன் துவக்குப் பிடியால் அழகரத்தினத்தின் தாடையில் இடித்தான். பல்லும் இரத்தமும் வீரகத்தியின் கோப்பில் தெறித்தன. மற்றவன் அலமாரிகளைப் பார்த்துச் சடசடவென்று சுட்டான். காகிதங்கள் கிழிந்து பறந்தன.

"இஞ்ச வந்து பைல் பார்க்கிறவங்கள்தான் எங்களைப் பற்றி வெளிநாட்டு வெள்ளைக்காரனுக்கு மனுக் குடுக்கிறாங்கள். ஆர் ஆர் வந்தது? சொல்லு!" என்று கத்தினான் கட்டையன்.

"எல்லாருந்தான் வாறாங்க தம்பி," அழகரத்தினம் இரத்தத்தைத் துப்பினார். "இது பொது இடம். நீங்களும் குந்திப் பார்க்கலாம்."

கட்டையன் சிரித்தான். சிரித்தபடியே அவருடைய வலக்கையைப் பிடித்து மேசையில் விரித்துவைத்து, துவக்குப் பிடியை ஓங்கி இறக்கினான். நண்டு ஓடு நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். அழகரத்தினத்தின் அலறல் வாவியின் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

"இவள் ஆரு?" துவக்கு பாலசுந்தரியின் நெஞ்சுக்குத் திரும்பியது.

"அது... கூட்டுற புள்ள. அதுக்கு எழுத்தும் தெரியாது, ஒண்டும் தெரியாது."

மூலையில் கிடந்த விளக்குமாற்றை அவள் எட்டி எடுத்துக்கொண்டாள். குனிந்து, கிழிந்து கிடந்த காகிதங்களைக் கூட்டத் தொடங்கினாள்.

"சரி ஐயா, மற்றக் கையை வையுங்க," என்றான் கட்டையன், மிக மரியாதையாக.

"வேணாம் தம்பி, வேணாம்! லாச்சிக்குள்ள புத்தகம் இருக்கு. வந்த ஆக்களுக்கு ஆளுக்கொரு வரி எழுதியிருக்கன்."

பாவி மனுசா! பாலசுந்தரி உள்ளுக்குள் கத்தினாள். வாசலில் வந்து கூப்பிட்டுவிட்டு, ஒரு கை உடைந்ததும் இத்தனை குடும்பத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டாரே! அவளை நம்பி வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

கட்டையன் லாச்சியை இழுத்துக் கொட்டினான். புத்தகத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"பாரடா மச்சான், நூறு பேருக்கு மேல! பேரும் இருக்கு, ஊரும் இருக்கு. நாளைக்கு விடிய வெளிக்கிட்டா ஒண்டொண்டா அள்ளலாம்."

"கடைசியா வந்தது ஆர் எண்டு பார் முதல்ல," என்றான் மற்றவன்.

கட்டையன் எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டினான். "இண்டையத் திகதிதான். மையும் காயல்ல. ஆள் கிட்டடியிலதான் நிக்கோணும். ஆளைப் பிடிச்சு இந்த வாசல்லயே போடுவம்."

பாலசுந்தரி கண்ணை இறுக மூடினாள். தன் பெயரின் முதல் எழுத்துக்காகக் காத்து நின்றாள்.

"கந்... கந்தையா... வீரகத்தி," அவன் எழுத்துக்கூட்டினான். "கதிரவெளி."

அவள் கண் திறந்தது. அவள் பெயர் இல்லை. அவள் தேடி வந்தவரின் பெயர். அப்படியானால் அந்தப் புத்தகம் முழுவதும் காணாமல் போனவர்களின் பெயர்கள்தான். அழகரத்தினம் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

கட்டையனின் பெருவிரல் அந்த வரியில் அப்படியே நின்றது. அவன் மெல்ல வாய்விட்டு இன்னொருமுறை வாசித்தான். அதுவரை சிவந்திருந்த முகம் வெளிறிப்போக, கூட வந்தவனிடம் திரும்பினான்.

"டேய், இவனை மாசியில நான்தானேடா சுட்டன்!"